கிழக்கு இல்லாத தேவாலயம்: நீன் ஆற்றங்கரையில் ஃபாதரிங்கே – ஒரு நிகழ்வு ஆய்வு

தெற்கிலிருந்து வரும் சாலை நீன் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதே அந்தத் தேவாலயம் கண்ணில் பட்டுவிடும். சமவெளிப் புல்தரை, நடுவே வளைந்து போகும் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் வெளிர் சுண்ணக்கல்லில் நெடுநெடுவென்று எழுந்து நிற்கும் கட்டடம். பக்கச் சுவர்களில் சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். மேற்குக் கோபுரம் முதலில் சதுரமாக ஏறி, பிறகு எட்டுப் பட்டையாக மாறுகிறது. அதன் உச்சியில் பொன்முலாம் பூசிய ஒரு வல்லூறு, கால்விலங்குப் பூட்டு ஒன்றுக்குள் அடைபட்டதுபோல் நிற்கிறது.

இன்னும் சற்று நேரம் பார்த்தால் ஏதோ இடிக்கும். உயரத்துக்கு ஏற்ற நீளம் கட்டடத்துக்கு இல்லை. கிழக்குப் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிகிறது. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் பீடம் இருக்கும் திசை கிழக்கு. மிக அழகான ஜன்னலை அங்கேதான் வைப்பார்கள். இங்கே அந்தத் திசையில் இருப்பது வெறும் மொட்டைச் சுவர்.

நார்த்தாம்ப்டன்ஷையரில் அவுண்டில் என்ற சிறு நகரத்துக்கு வடகிழக்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஃபாதரிங்கே. 120 பேர் அளவில் வாழும் ஒரே தெரு ஊர். இத்தனை சிறிய ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய ஆலயம்? அதில் பாதியை வெட்டியது யார்? தெருவின் மறுகோடியில் இருந்த கோட்டை எங்கே போனது? மூன்று கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான். இந்த ஊரில் எது நின்றது, எது போனது என்பதைப் போரோ பகையோ தீர்மானிக்கவில்லை. கட்டடம் யார் கையில் இருந்தது, யாருக்கு அது தேவைப்பட்டது என்பதே தீர்மானித்தது. அதை ஆதாரத்தோடு காட்டுவதுதான் இந்த ஆய்வின் வேலை.

ஆற்றோரத்து மேய்ச்சல் நிலம்

ஆற்றின் பெயரையே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மேற்கே நார்த்தாம்ப்டன் பக்கத்தில் ‘நென்’, கிழக்கே பீட்டர்பரோ பக்கத்தில் ‘நீன்’. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஊருக்கு ஊர் வேறு. ஊர்ப்பெயரில் உள்ள ‘ஏ’ என்ற கடைசி அசை தீவையோ நீர்சூழ் நிலத்தையோ குறிக்கும் பழைய சொல். முற்பகுதி மேய்ச்சலைக் குறிக்கும் என்று பெயராய்வாளர்கள் பொருள் கொள்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகிப் புல்வெளியில் பரவும்போது அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆற்றைக் காவல் காக்க 1100ஆம் ஆண்டு வாக்கில் சைமன் டி சென்லிஸ் என்ற பிரபு கரையில் ஒரு மண்மேடு எழுப்பி அதன்மேல் கோட்டை கட்டினார். அவருக்குப் பின் அவர் மனைவி மாட் மறுமணம் செய்துகொண்டவர் டேவிட். அந்த டேவிட் 1124இல் ஸ்காட்லாந்தின் அரசரானார். இப்படித் திருமண வழியில் ஓர் ஆங்கிலேய ஆற்றங்கரைக் கோட்டை ஸ்காட்லாந்து அரச குடும்பத்தின் கைக்குப் போனது. 1212இல் ஜான் அரசர் அதைப் பறித்துக்கொண்டார். இந்தத் தகவலை நினைவில் வைத்திருங்கள்; பின்னால் இது வேறு கனத்தோடு திரும்பி வரும்.

1377இல் கோட்டை எட்மண்ட் ஆஃப் லாங்லிக்குக் கிடைத்தது. மூன்றாம் எட்வர்டின் மகன், பின்னாளில் யார்க்கின் முதல் டியூக். அவர் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார். மேட்டின்மேல் இருந்த உள்கோட்டையின் தரைவடிவமே விலங்குப் பூட்டின் வடிவில் அமைந்தது என்று பழைய வர்ணனைகள் சொல்கின்றன. கோபுர உச்சியில் இன்றும் நிற்கும் வல்லூறும் பூட்டும் இந்தக் குடும்பத்தின் சின்னம்தான்.

அவர் மகன் எட்வர்ட் 1411இல் ஊர்த் தேவாலயத்தோடு இணைத்து ஒரு ‘காலேஜ்’ நிறுவினார். பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடக் கூடாது. நிறுவியவர் குடும்பத்தின் ஆன்மாக்களுக்காக நாள் தவறாமல் பூசை செய்யும் குருமார் கூட்டம் அது. ஒரு தலைவர், 12 குருக்கள், 8 எழுத்தர்கள், 13 பாட்டுச் சிறுவர்கள். இவர்கள் நின்று பாடுவதற்கென்று தேவாலயத்தின் கிழக்குப் பகுதியில் எழுந்தது ‘குயர்’. 1415 அக்டோபரில் அஜின்கோர்ட் போரில் எட்வர்ட் மாண்டார். உடல் பிரான்சிலிருந்து இங்கே வந்து, அந்தக் குயரில் அடக்கமானது.

சிறைக்குப் போகச் சம்மதித்த கல்தச்சர்

இனி வருவதுதான் இந்த ஊரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்தும் இடம். எட்வர்டுக்கு வாரிசு இல்லை. அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட் மூன்றாவது டியூக் ஆனார். கிழக்கே குயர் எழுந்துவிட்டது. மேற்கே ஊர் மக்கள் நின்று வழிபடும் பகுதி, அதை இங்கே மக்கள்கூடம் என்று சொல்கிறேன், இன்னும் பழையதாகவே இருந்தது. 1434 செப்டம்பர் 24ஆம் தேதி, 23 வயது டியூக்கின் பிரதிநிதிகள் ஃபாதரிங்கேயிலேயே குடியிருந்த வில்லியம் ஹார்வுட் என்ற கல்தச்சரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் வாசகம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

தொகை 300 பவுண்டு. கல், சுண்ணாம்பு, மணல், மரம், கயிறு, ஏணி, சாரம், பாரம் தூக்கும் பொறி, வண்டி எல்லாம் டியூக் தரப்பின் பொறுப்பு. வேலை மட்டும் ஹார்வுட் பொறுப்பு. நம் ஊர்க் கட்டட வேலையில் ‘லேபர் காண்ட்ராக்ட்’ என்கிறோமே, அச்சு அசல் அதுதான். பணத்தை மொத்தமாகத் தரமாட்டார்கள். அடிவரிசைக் கல் அமைந்த பிறகு ஒரு சிறு தொகை, சுவர் எழும்ப எழும்ப அடுத்தடுத்த தவணை. எத்தனை கொத்தனாரை வேலைக்கு வைப்பது என்பதையும் மேற்பார்வையாளரே முடிவு செய்வார். ஹார்வுட் ஆட்களுக்குக் கூலி கொடுக்காமல் விட்டால், டியூக்கின் கணக்கர் நேரடியாகக் கொடுத்துவிட்டு அவர் தொகையில் கழித்துக்கொள்வார். கூலியாள் ஏமாந்துவிடக் கூடாது, வேலையும் நின்றுவிடக் கூடாது என்று யோசித்து எழுதிய வரி.

கடைசியில் வருகிறது அந்தச் சரத்து. குறித்த காலத்துக்குள் வேலையை முடிக்காவிட்டால், ஹார்வுட் தன் உடலை டியூக்கின் விருப்பப்படி சிறைக்கு ஒப்புக்கொடுப்பார். அவருடைய அசையும் பொருள்களும் பரம்பரைச் சொத்தும் டியூக்கின் வசம் போகும். கல்லைச் செதுக்கத் தெரிந்த ஒரு மனிதர், தன் ஊரிலேயே, தன் தெருவிலேயே எழப்போகும் கட்டடத்துக்காகத் தன்னையே அடமானம் வைத்திருக்கிறார். அந்த மக்கள்கூடத்தின் தூண்களைப் பார்க்கும் யாரும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வு நோக்கில் இன்னொரு வரி இதைவிட முக்கியம். புதிய கூடம் எப்படி இருக்க வேண்டும்? ‘குயர் இருக்கும் அதே உயரம், அதே அகலம்’ என்கிறது ஒப்பந்தம். குயரிலிருந்து மேற்கே 80 அடி நீளம். பக்கவாட்டு நடைகளும் குயரின் நடைகளை ஒத்திருக்க வேண்டும். கோபுரம் 80 அடி உயரம், உட்புறம் 20 அடிச் சதுரம், குறித்த உயரத்துக்கு வந்ததும் எட்டுப் பட்டையாகத் திரும்ப வேண்டும். பாலத்திலிருந்து இன்று காணும் அதே எட்டுப் பட்டை.

ஒவ்வொரு அளவுக்கும் ‘குயரைப் பார், அதுபோல் செய்’ என்று சொன்னதால், ஹார்வுட்டின் ஒப்பந்தம் தான் கட்டச் சொன்ன கட்டடத்தை மட்டுமல்லாமல், தனக்கு முன்பே நின்ற கட்டடத்தையும் பதிவு செய்துவிட்டது. நூறு ஆண்டு கழித்து அந்தக் குயர் காணாமல் போகும் என்று எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று குயர் எப்படி இருந்திருக்கும் என்று அறிய நமக்கு இருக்கும் மிக நல்ல சாட்சி இரண்டு: அதைப் பார்த்துக் கட்டிய மக்கள்கூடம், அதைப் பார்த்துக் கட்டச் சொன்ன காகிதம்.

ஏழு நாள் ஊர்வலம்

அந்த டியூக் ரிச்சர்டின் மனைவி செசிலி நெவில். இவர்களின் மகள் ஆன் 1439இல் இந்தக் கோட்டையில் பிறந்தார். 1452 அக்டோபர் 2ஆம் தேதி ஒரு மகன் பிறந்தான். பின்னாளில் மூன்றாம் ரிச்சர்ட் அரசன்.

அரியணைக்கான போட்டியில் தகப்பனார் 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் கொல்லப்பட்டார். பதின்வயது மகன் எட்மண்டும் அன்றே மாண்டான். இரண்டு உடல்களும் வடக்கே பாண்டிஃபிராக்ட்டில் அடங்கின. மூத்த மகன் நான்காம் எட்வர்டாக முடிசூடிப் பல ஆண்டுகள் கழித்து, 1476 ஜூலையில், தந்தையையும் தம்பியையும் தோண்டியெடுத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார். டான்காஸ்டர், நியூவார்க், கிரந்தம், ஸ்டாம்ஃபோர்ட் என்று இரவுதோறும் ஓர் ஊரில் தங்கி, சவ ஊர்வலம் ஏழு நாள் நடந்தது. முன்னின்று நடத்தி வந்தவர் கடைக்குட்டி ரிச்சர்ட். அப்போது வயது 23. வண்டியில் தந்தையின் உருவப் பொம்மை. அதன் தலைக்குப் பின்னால் வெள்ளுடை தரித்த ஒரு தேவதூதன் கிரீடத்தைப் பிடித்திருந்தான். முடிசூடாமல் செத்தவர், ஆனால் உரிமைப்படி அரசர் என்று சொல்லாமல் சொன்ன ஏற்பாடு.

கல்லறை முற்றத்தின் வாசலில் நீலத் துக்க உடையில் காத்திருந்தார் எட்வர்ட். மறுநாள் வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு ஒரு பென்னி, கர்ப்பிணிகளுக்கு இரண்டு. காசு வாங்கியவர்கள் 5,000 பேர் என்கிறது அன்றைய குறிப்பு. ஒரே தெரு ஊரில் 5,000 பேர்! முதல் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. ஆலயத்தின் அளவை ஊரின் மக்கள்தொகை தீர்மானிக்கவில்லை; அது ஓர் அரச வம்சத்தின் குலச் சமாதியாகத் திட்டமிட்டது. எட்வர்ட் அளித்த பிரசங்க மேடை இன்றும் உள்ளே இருக்கிறது. 1495இல் கைம்பெண் செசிலி, பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்த பிறகு, கணவர் பக்கத்தில் வந்து அடங்கினார்.

ஈயத்தைக் கழற்றினால் போதும்

1548இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், இதுபோன்ற காலேஜுகள் கலைக்கப்பட்டன. செத்தவர்களுக்காகப் பூசை செய்வது வீண் என்று புதிய சமயக் கொள்கை முடிவு செய்துவிட்டது. குருக்கள் கலைந்தார்கள். 1553இல் காலேஜின் கட்டடங்கள் நார்த்தம்பர்லாந்து டியூக் ஜான் டட்லிக்கு மானியமாகப் போயின. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் தலையும் போனது என்பது வேறு கதை.

ஒரு கல் கட்டடத்தைக் கொல்ல வெடிமருந்து வேண்டாம். கூரைமேல் இருக்கும் ஈயத் தகட்டைக் கழற்றி விற்றால் போதும். ஈயம் எடைக்கு நல்ல விலை போகும் சரக்கு. தகடு போனதும் மழைநீர் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் இற்று விழும்போது கவிந்திருக்கும் கல்வளைவையும் இழுத்துக்கொண்டு விழும். பிறகு குளிர்காலம் வரும். சுவருக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து இணைப்பைப் பிளக்கும். குயர் இப்படித்தான் இடிபாடானது.

அப்படியானால் மக்கள்கூடம் ஏன் தப்பியது? ஒரே கல், ஒரே வேலைப்பாடு, ஒட்டி நின்ற கட்டடம். வித்தியாசம் உரிமையில் இருந்தது. குயரும் அதை ஒட்டிய குருமார் வளாகமும் காலேஜின் சொத்து. சொத்து கைமாறியபோது அதுவும் சேர்ந்து கைமாறியது. மேற்குப் பகுதி ஊர்ப் பங்கின், அதாவது ஊர்க் கிறிஸ்தவச் சபையின், வழிபாட்டிடம். அங்கே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கல்யாணம் நடத்தினார்கள், ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். அதை யாருக்கும் மானியம் கொடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே இருந்த பெரிய வளைவைக் கல்வைத்து அடைத்தார்கள். அந்த அடைப்புதான் நாம் முதலில் பார்த்த மொட்டைச் சுவர்.

குயரில் இருந்த மர இருக்கைகளும் வீணாகவில்லை. டான்சர், ஹெமிங்டன், பெனிஃபீல்ட் என்று சுற்றுவட்டாரக் கிராமத் தேவாலயங்களில் அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள், உட்கார்ந்தார்கள், அதனால் அவை பிழைத்தன.

1566இல் எலிசபெத் அரசி இங்கே வந்தபோது, கூரையற்ற குயரின் இடிபாட்டுக்குள் யார்க் டியூக்குகளின் கல்லறைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அங்கே கிடந்த ரிச்சர்ட், எலிசபெத்தின் அப்பாவைப் பெற்ற பாட்டிக்குத் தாத்தா. எலும்புகளை மக்கள்கூடத்துக்குள் கொண்டுவரச் சொல்லி, பீடத்தின் இருபுறமும் 1573இல் புதுச் சமாதிச் சின்னங்கள் எழுப்ப வைத்தார் அரசி. குலச் சமாதிக்கென்று கட்டிய குயர் அழிந்து, ஊர் மக்களுக்கென்று கட்டிய கூடம் கடைசியில் டியூக்குகளுக்கும் இடம் கொடுத்தது. இந்தத் திருப்பத்தை எத்தனை முறை படித்தாலும் மனம் அடங்குவதில்லை.

1587, பிப்ரவரி 8

இனி தெருவின் மறுகோடி.

ஸ்காட்லாந்து அரசி மேரி 1568இல் நாட்டைவிட்டு ஓடிவந்து இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டவர். கிடைத்தது ஏறத்தாழ 19 ஆண்டுக் காவல். எலிசபெத்தைக் கொல்லத் திட்டமிட்ட பாபிங்டன் சதியில் உடந்தை என்று குற்றம்சாட்டி, 1586 செப்டம்பர் 25 அன்று ஃபாதரிங்கே கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 14, 15 தேதிகளில் விசாரணை. அறையில் எலிசபெத்துக்காக ஒரு சிம்மாசனம் போட்டிருந்தார்கள். அது காலியாகவே இருந்தது.

பிப்ரவரி 7ஆம் தேதி சாப்பாட்டுக்குப் பிறகு சேதி சொன்னார்கள்: நாளைக் காலை. அன்று பின்னிரவு இரண்டு மணிக்கு மேரி தன் கொழுந்தனார், பிரான்ஸ் அரசர் மூன்றாம் ஹென்றிக்குக் கடிதம் எழுதினார். மேரியின் முதல் கணவர் இரண்டாம் பிரான்சுவா, ஹென்றியின் அண்ணன். காலை எட்டு மணிக்குக் குற்றவாளியைப்போல் தன்னைக் கொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு, வேலைக்காரர்களின் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறார் அந்தக் கடிதத்தில். சாவுக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது ஆட்களின் சம்பளத்தைப் பற்றிய கவலை. கடிதம் இப்போது ஸ்காட்லாந்தின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

காலையில் பெருமண்டபத்தில் கறுப்புத் துணி போர்த்திய மேடை. மேலாடையைக் கழற்றியபோது உள்ளே செந்நிற உடை. கோடரி ஓங்கியவரின் முதல் வெட்டு தவறியது. வெட்டுண்ட தலையைத் தூக்கியபோது பொய்முடி கையோடு வந்துவிட்டது. உள்ளே நரைத்த குட்டை முடி. பாவாடை மடிப்புக்குள் ஒளிந்திருந்த அவரது சிறு நாய் உடலைவிட்டு நகர மறுத்தது. வயது 44. ரத்தம் பட்ட துணி, மரக்கட்டை எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். யாரும் புனிதப்பொருள் என்று எடுத்துப் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை. உடலை ஈயப் பெட்டியில் வைத்து ஜூலை இறுதிவரை, கிட்டத்தட்ட ஆறு மாதம், கோட்டைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிறகு பீட்டர்பரோ பேராலயம். 1612இல் மகன் ஜேம்ஸ் வெஸ்ட்மின்ஸ்டருக்கு மாற்றினார்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகுதான் ஒன்று உறைக்கிறது. மேரியின் அப்பாவைப் பெற்ற பாட்டி மார்கரெட் டியூடர், எலிசபெத்தின் அத்தை. ஆக, அந்தத் தேவாலயத்தில் அடங்கிய ரிச்சர்டும் செசிலியும் மேரிக்கும் நேர் முன்னோர். எலிசபெத் பதினான்கு ஆண்டுக்கு முன் எழுப்பிய சமாதிச் சின்னங்கள், கொலைமேடை போட்ட மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரம். மேலே ஜான் அரசர் 1212இல் கோட்டையைப் பறித்தார் என்றேன். பறிகொடுத்தவர் முன்சொன்ன டேவிட் அரசரின் பேரன், ஹண்டிங்டன் ஏர்ல் டேவிட். அவரும் மேரியின் முப்பாட்டன் வரிசையில் வருகிறவர். இரண்டு வழியிலும் தன் குடும்பத்து மண் என்று சொல்லக்கூடிய இடத்தில்தான் மேரி அந்நியராகச் செத்தார்.

மகன் பழிவாங்கிய கதை

தாயைக் கொன்ற கோட்டையை ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு அரசராகி வந்ததும் தரைமட்டமாக்கினார் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆதாரம் இடம்கொடுக்கவில்லை. ஜேம்ஸ் 1603இல் வந்ததும் செய்தது கோட்டையை வேறு பிரபுக்களுக்குக் கைமாற்றியதுதான். 1625 மார்ச் மாதம் அவர் இறந்தார். அந்த ஆண்டு எடுத்த அளவைக் குறிப்பில் கோட்டை அகழியோடு நின்றுகொண்டிருக்கிறது. பத்து ஆண்டு கழித்து, 1635 வாக்கில்தான் அது சிதிலம் என்று எழுதப்படுகிறது. அதன் பிறகே இடிப்பு.

உண்மைக் காரணம் கதையைவிடச் சாதாரணமானது, அதனால்தான் எனக்கு அது அதிகம் வலிக்கிறது. அந்தக் கோட்டையில் வாழ யாருக்கும் விருப்பமில்லை. முன்பே எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் ஆஃப் அராகன் அரசி இங்கே போய்த் தங்க மறுத்தவர். மேரிக்குப் பின் யார் விரும்புவார்கள்? ஆள் இல்லாத கட்டடத்தைப் பழுதுபார்க்க யாரும் செலவழிக்கமாட்டார்கள். மக்கள்கூடத்துக்கு இருந்த ஊர்ப் பங்கு கோட்டைக்கு இல்லை. ஊரார் எவருக்கும் உள்ளே கல்யாணமும் இல்லை, கல்லறையும் இல்லை. சொந்தக்காரருக்கு அது வெட்டி வைத்த கல் குவியல்; அவ்வளவுதான்.

செதுக்கிய கல்லுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பாறையிலிருந்து பிளந்து, சுமந்து, உளியால் சமன்செய்த உழைப்பெல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கிறதே. அவுண்டிலில் 1626இல் திருத்திக் கட்டிய டால்பட் விடுதிக்கு இங்கிருந்து கல் போனது என்றும், மேரி கடைசியாக இறங்கிவந்த மாடிப்படி அங்கேதான் இருக்கிறது என்றும் சொல்வார்கள். இரண்டையும் வழக்காறு என்ற அளவில் எடுத்துக்கொள்வது நல்லது; 1626இல் கோட்டை இன்னும் இடிபடவில்லையே. ஊரின் பண்ணைச் சுவர்களிலும் கோட்டைக் கல் இருக்கும் என்பது இயல்பான ஊகம்தான்.

கல்லை எடுத்தவர்கள் விட்டுச் சென்றது எதை? ஆற்றங்கரையில் இரும்புக் கம்பி வேலிக்குள் கிடக்கும் ஒரே ஒரு பெரிய கட்டிடக் கட்டி. அதைக் கிட்டே போய்ப் பார்த்தால் கொள்ளையின் முறை புரியும். முகத்தில் ஒரு செதுக்கிய கல்கூட இல்லை; எல்லாவற்றையும் உரித்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது சுவரின் உள்ளடைப்பு: ஒழுங்கற்ற கல்துண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்து கெட்டிப்பட்ட பிண்டம். விலை போகாததால் மட்டுமே அது தங்கியது. வேலியில் இரண்டு பலகைகள், ஒன்று ரிச்சர்ட் பிறந்ததற்கு, இன்னொன்று மேரி மாண்டதற்கு. பின்னால் மண்மேடு, கோடையில் அதில் பூக்கும் முட்செடியை ‘மேரி அரசியின் கண்ணீர்’ என்று ஊரார் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் சின்னமும் முட்செடிதான்.

ஊர் தன் போக்கில்

கோட்டையும் காலேஜும் போனபின் ஃபாதரிங்கே சாதாரண உழவு ஊரானது. 1722இல் ஸ்டாம்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜ் போர்ட்வுட் இன்றைய நான்கு கண் கல்பாலத்தைக் கட்டினார். அடுத்த எட்டு ஆண்டில் பீட்டர்பரோவிலிருந்து அவுண்டில்வரை மதகுகள் அமைத்து ஆற்றில் படகுப் போக்குவரத்தைத் திறந்தார்கள். 1761இல் அது நார்த்தாம்ப்டனை எட்டியது.

இந்த வட்டாரத்துக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. காலிவெஸ்டன் ஓடு என்பார்கள். உண்மையில் அது மெல்லிய சுண்ணக்கல் தகடு. பாறையைத் தோண்டி எடுத்துக் குளிர்காலத்தில் வெட்டவெளியில் பரப்பி, காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இரவுப் பனியில் உள்ளே இருக்கும் நீர் உறைந்து பாறையை ஏடு ஏடாகப் பிளக்கும். பிறகு சுத்தியலால் தட்டிப் பிரித்து, ஓரம் சீவி, துளை போடுவார்கள். குயரைப் பிளந்த அதே உறைபனிதான் இங்கே வீட்டுக்குக் கூரை செய்து கொடுத்தது. குளிர்காலம் வெதுவெதுப்பாகி உறைபனி குறைந்ததில் இந்தத் தொழிலே நின்றுபோகும் நிலைக்கு வந்தது. பக்கத்து ஊரான ஏப்தார்ப்பின் பழைய மாளிகையைப் புதுப்பித்தபோது, பாறையைக் குளிர்ப்பெட்டியில் செயற்கையாக உறையவைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். தொழில் மறுபடி மூச்சுவிட்டது.

கோட்டையிடம் மிச்சமிருந்தது

2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்தம் ஒன்றின் அடியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மூன்றாம் ரிச்சர்ட் என்று உறுதிசெய்ய உதவிய சான்றுகளில் ஒன்று, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. ரிச்சர்டுக்கு அந்த இழை செசிலியிடமிருந்து வந்தது. அதே இழை அக்கா ஆன் வழியாக, மகள், மகளின் மகள் என்று பெண்வழியில் மட்டும் இறங்கி, இன்று உயிரோடிருக்கும் சந்ததியார்வரை வந்திருக்கிறது. இந்தக் கோட்டையில் பிறந்த அக்காள் தம்பி இருவரை 500 ஆண்டுக்குப் பிறகு இணைத்தது, மொட்டைச் சுவருக்கு உள்பக்கம் அடங்கியிருக்கும் தாயின் ரத்தம்.

2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் பேராலயத்தில் மறு அடக்கம் நடந்தபோது ரிச்சர்ட் வாழ்வோடு தொடர்புள்ள மூன்று இடங்களின் மண்ணைச் சேர்த்தார்கள். வளர்ந்த மிடில்ஹாம், மாண்ட பாஸ்வொர்த், பிறந்த ஃபாதரிங்கே.

தேவாலயத்தின் கிழக்கே, மொட்டைச் சுவருக்கு அப்பால், இப்போது புல்தரை. அடியில் குயரின் அஸ்திவாரமும் குருமார் வளாகத்தின் தடமும் மேடுபள்ளமாகக் கிடக்கின்றன. குயர் எத்தனை உயரம், எத்தனை அகலம் என்பதை ஹார்வுட்டின் கூடம் இன்றும் நின்று காட்டுகிறது. எத்தனை நீளம் என்று மட்டும் ஒப்பந்தம் எழுதவில்லை. ஏற்கெனவே கண்முன்னே நிற்கும் கட்டடத்துக்கு நீளத்தை எழுதி வைக்க அன்று யாருக்கும் தேவையிருக்கவில்லை. அந்த ஓர் அளவு புல்லுக்கு அடியில் இருக்கிறது.